பத்து ராத்தல்

வீரம்மா தன் மகனை ஒரு பால் டின் தவிட்டுக்கு விற்றாள். 1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். வாங்கியவள் பக்கத்து வீட்டு ராக்காயி. வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர். பிள்ளை போன தூரம் பத்தடிகூட இருக்காது. ஆனால் பின்கதவு வழியாகப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்த வீரம்மாவுக்கு அந்தப் பத்தடி ஈப்போவைவிடத் தூரமாகத் தெரிந்தது.

ஈப்போ எவ்வளவு தூரம் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் யாரும் இல்லை. ஜூலை மாதம் முழுக்கக் காம்பாருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஈப்போவுக்கு இன்னொரு பஸ் என்று போய் வந்தவள் அவள். பிள்ளை ஒன்றரை மாதம் முந்திப் பிறந்துவிட்டான். மூன்றே முக்கால் ராத்தல். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாதிகள் தங்கமானவர்கள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும் நேரம் ஒரு மணிதான். அந்த ஒரு மணி நேரமும் அவள் கண்ணாடியின் இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் கிடந்த விரல் தடிமனே இருந்த கையைப் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் பஸ் ஏறுவாள். மூத்த மகள் முத்தம்மாவுக்குப் பிறகு பிறந்த ஒருத்தி எட்டு நாள்தான் இருந்தாள். அதனால் ஒவ்வொரு நாளும் காம்பார் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்றைக்குப் பெட்டி காலியாக இருக்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டு போவாள்.

ஐந்து ராத்தல் ஆனதும் பிள்ளையைக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த வாரமே, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தோட்டத்துக்கு வந்து பிள்ளைகளை நிறுக்கும் சர்க்கார் தாதியான மிஸ்ஸி வந்தார். அவனுடைய கார்டில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார். எழுதியதை வாயாலும் சொன்னார்: டிசம்பர் மாத நிறுவையில் பத்து ராத்தல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை மறுபடியும் ஈப்போவில் சேர்த்துவிட வேண்டும். அந்த மிஸ்ஸி அதோடு தைப்பிங்குக்கு மாற்றலாகிப் போனார். சிவப்பு வரி மட்டும் கார்டில் தங்கிவிட்டது.

ராக்காயிதான் யோசனை சொன்னாள். அவள் தோட்டத்து ஆயாக்கொட்டகையின் ஆயா. தாய்மார்கள் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சொந்தமாக ஐந்து பெற்று, ஐந்தும் காளை மாதிரி வளர்ந்து நின்றன. எமன் வந்தாலும் ராக்காயி வாசலில் நின்று உத்தரவு கேட்டுத்தான் உள்ளே நுழைவான் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். தங்காத பிள்ளையைத் தங்கும் கைக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டு, தேறிய பிறகு அதே தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்வது அவர்கள் வழக்கத்தில் உண்டு.

“உன் பிள்ளைன்னு தெரிஞ்சாத்தானே அது தேடிக்கிட்டு வரும்? என் பிள்ளைன்னா இந்தப் பக்கமே தலை காட்டாதுலா” என்றாள் ராக்காயி. எது தேடிக்கொண்டு வரும் என்று அவளும் சொல்லவில்லை, வீரம்மாவும் கேட்கவில்லை.

விற்றதற்கு நிபந்தனைகள் இருந்தன. மீட்கும்வரை வீரம்மா அவனை மகனே என்று கூப்பிடக் கூடாது. யார் கேட்டாலும் என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கலாம். எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் செய்கிற உபகாரம் மாதிரி. பேரும் வைக்கவில்லை. ராக்காயி தவுடன் என்று கூப்பிட்டாள். எப்போது மீட்பது என்ற பேச்சு வந்தபோது, தராசு பத்து காட்டுகிற அன்றைக்கு என்று இருவரும் முடிவு செய்தார்கள். சிவப்பு மையும் அதைத்தானே கேட்டது.

வீரம்மாவின் புருஷன் சின்னையா, ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்தவன், சங்கத்துப் பத்திரிகை வாசிக்கிறவன், தவிட்டுக்கு விற்றால் உடம்பில் சதை ஏறுமா என்று இரண்டு நாள் சிரித்தான். மூன்றாம் நாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, “யாரு, ராக்காயி அக்கா மகனா? நல்லா இருக்கான்” என்று பதில் சொன்னானாம். அதைக் கேள்விப்பட்ட வீரம்மா அன்றைக்கு அவனுக்கு ஒரு கருவாட்டுத் துண்டு கூடுதலாக வைத்தாள்.

கஷ்டப்பட்டது ஐந்து வயது முத்தம்மாதான். ஒரு வருஷமாகத் தம்பி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். வந்த தம்பியைத் தம்பி என்று சொல்லக் கூடாது என்றால் அவளுக்குப் புரியவில்லை. குழாயடியில் மற்றப் பிள்ளைகள், உங்கள் வீட்டில் அடுத்து உன்னையும் விற்கப் போகிறார்கள், கோழித் தீவனத்துக்கு என்று அவளைச் சீண்டினார்கள். அவள் வீட்டுக்கு வந்து, தன்னை விற்றால் எத்தனை டின் கிடைக்கும் என்று கேட்டாள். வீரம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், உன்னை வாங்குகிற அளவுக்குத் தவிடு காம்பார் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றாள். முத்தம்மா அதை நம்பினாளோ என்னவோ, குழாயடியில் போய் அப்படியே சொல்லிவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் வீரம்மா வேலைக்குத் திரும்பினாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடுவாள். ஒன்பது மணிக்கு, வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு ஓடிவந்து பால் கொடுப்பாள். ராக்காயி வாங்கிய பிள்ளையை வாங்கியவள் போலவே பார்த்துக்கொண்டாள். வீரம்மா அவன் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்று, என் பிள்ளைக்கு இப்படியா ஊற்றுவாய் என்று அதட்டுவாள். வீரம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும். தண்ணீரை இன்னும் மெதுவாக ஊற்றுவாள். பிள்ளை தேறினால் போதும்.

பிள்ளை தேறத்தான் செய்தான். கன்னம் வந்தது. தொடையில் ஒரு மடிப்பு விழுந்தது. தீபாவளிக்குள் இரண்டாவது மடிப்பும் விழுந்துவிட்டது. ஆனால் மடிப்பு ராத்தல் ஆகுமா? வீரம்மா கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு ராத்தல் சீனிப் பொட்டலத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பாள். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவாள். சில நாள் பத்துப் பொட்டலம் இருக்கும் போலத் தோன்றும். சில நாள் ஏழுதான் என்று தோன்றும். தன் கையையே நம்ப முடியாமல் போய்விட்டது.

அக்டோபர் நிறுவையின்போதுதான் அந்தத் தவறு நடந்தது. அன்றைக்கு வீரம்மா மரம் வெட்டும் காட்டில் இருந்தாள். மிஸ்ஸி புதியவர், சந்திரமதி என்று பெயர், ஈப்போவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்தமிழர். யாருடைய முகமும் அவருக்குத் தெரியாது. கையில் இருந்தது கார்டுக் கட்டு மட்டும். ஆயாக்கொட்டகையில் ராக்காயி ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கொடுத்து, இது காளியம்மா பிள்ளை, இது மாரியம்மா பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தவுடன் முறை வந்தது. யார் பிள்ளை என்று மிஸ்ஸி கேட்டார். ராக்காயி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. வாங்கிய பிள்ளையை இன்னொருத்தி பேரில் சொன்னால் விற்றதெல்லாம் வீண். என் பிள்ளை என்றாள்.

மிஸ்ஸி அவளுடைய நரைத்த முன்தலையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு புதுக் கார்டு ஒன்று எடுத்து, தாய் ராக்காயி, பிள்ளை தவுடன், ஏழே கால் ராத்தல் என்று எழுதினார். கட்டின் அடியில் சிவப்பு வரி எழுதிய பழைய கார்டு ஒன்று மிஞ்சியது. அதில் ‘வரவில்லை’ என்று எழுதி வைத்தார்.

ராக்காயி இதைப் பெருமையாக வந்து சொன்னாள். சர்க்கார் காகிதத்தில் இன்னொருத்தி பேர் ஏறிவிட்டதே, நாளைக்கு இதை எப்படி மாற்றுவது? போய்ச் சொல்லலாமா என்று வீரம்மா நினைத்தாள். சொன்னால் என் பிள்ளை என்று சொல்ல வேண்டும். ஏழே கால்தானே ஆகியிருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் பெரட்டில் கணக்கெழுதும் கிராணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வீரம்மா என்பவளுடைய எடை குறைந்த பிள்ளை அக்டோபரில் நிறுவைக்கு வரவில்லை. டிசம்பர் பதினாறாம் தேதி மிஸ்ஸி வண்டியோடு வருவார். பிள்ளையைக் கட்டாயம் காட்ட வேண்டும். பத்து ராத்தல் இல்லையென்றால் அதே வண்டியில் ஈப்போவுக்குக் கொண்டுபோவார்கள்.

அன்றையிலிருந்து வீரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைக் காட்ட வேண்டுமென்றால் என் பிள்ளை என்று சொல்ல வேண்டும். தராசு பத்து காட்டுமுன் சொன்னால் விற்பனை முறிந்துவிடும்; எட்டு நாளில் போனவள் நினைவுக்கு வந்தாள். சொல்லாமல் இருந்தால் காட்ட மறுத்தாள் என்று ஆகும். ராக்காயிக்கு மட்டும் இதில் சூசா, சிரமம் எதுவும் தெரியவில்லை. பிள்ளை சாப்பிடுகிற வேகத்துக்குத் தராசு பத்தைத் தாண்டிப் போகும் என்றாள். நீ சோறு தின்றால்தான் என் பிள்ளைக்குப் பால் ஊறும் என்று தட்டை முன்னால் தள்ளினாள். அந்தப் பத்து நாளும் ராக்காயி வீட்டிலிருந்து பூண்டு வதக்கிய வாசனையும் சுறாப் புட்டு வாசனையும் பலகைச் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தன. பின்னாலேயே தட்டும் வந்தது.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை. வீரம்மா வேலைக்குப் போகவில்லை. பத்தரை மணிக்குச் சுகாதார அலுவலக வண்டி செம்மண் புழுதியோடு ஆயாக்கொட்டகை முன்னால் வந்து நின்றது. ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் காலி வாளிகளோடு வேலியோரம் நின்றார்கள். சின்னையா சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமில்லாதவன் மாதிரி தள்ளி நின்றான். உத்தரத்திலிருந்து தராசு தொங்கியது. வட்ட முகமும் ஒற்றை முள்ளும், கீழே பிள்ளையைப் போடத் துணித்தூளியும்.

சந்திரமதி மிஸ்ஸி முதலில் எடுத்தது பழைய கார்டைத்தான். பேரைப் படித்தார். வீரம்மா முன்னால் வந்து நின்றாள். கை இரண்டும் வெறுமையாக இருந்தன. முத்தம்மா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராக்காயி தவுடனை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றாள்.

“எங்கை உன்ரை குழந்தை?”

வீரம்மா தரையைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற இருபது பேருக்கும் விஷயம் தெரியும். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. மிஸ்ஸி அந்த அமைதியைத் தவறாகப் புரிந்துகொண்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து வீரம்மாவின் தோளில் கையை வைத்தார்.

“பயப்பிடாதை. உன்னை ஒருத்தரும் ஏச மாட்டினம். எப்ப செத்தது?”

 நாலு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வீரம்மா எதைத் தடுத்து வந்தாளோ அதை வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் நடுக்கொட்டகையில் சொல்லிவிட்டார். மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் முத்தம்மாவுக்கு வந்தது.

“ஒண்ணும் சாகல. அந்தா பெரியம்மா இடுப்புல இருக்கான். தவுட்டுக்கு வித்துட்டாங்க.”

வேலியோரம் ஒரு வாளி கீழே விழுந்தது. முத்தம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ராக்காயி உடனே முன்னால் வந்து, விற்றவளுக்குத்தான் தடை, சின்னப் பிள்ளை சொன்னால் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். மிஸ்ஸிக்கோ விற்றுவிட்டார்கள் என்ற வார்த்தை மட்டும்தான் கேட்டது. அவர் முகம் சிவந்தது. பிள்ளையை விற்பது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா, போலீசுக்கு எழுத வேண்டிவரும் என்று ஆரம்பித்தார். எவ்வளவுக்கு விற்றாய் என்று கேட்டார்.

“ஒரு பால் டின், மிஸ்ஸி” என்றாள் ராக்காயி. “தலை தட்டித்தான் குடுத்தேன். குமிச்சுக் குடுக்கல.”

மிஸ்ஸி பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். அதன்பிறகு ராக்காயி வழக்கத்தை முதலிலிருந்து சொன்னாள், வேலியோரம் நின்றவர்கள் விட்டுப்போனதை எல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். மிஸ்ஸி இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றே முக்கால், ஐந்து, பிறகு இந்தக் கார்டில் ஏழே கால். கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் குறைந்திருந்தது. சரி, தூளியில் போடு என்றார்.

ராக்காயி பிள்ளையின் சட்டையை, அரைஞாணை, தாயத்தை எல்லாம் கழற்றினாள். அம்மணமாகத் தூளியில் கிடந்தவன் மேலே ஆடுகிற முள்ளைப் பார்த்துக் காலை உதைத்தான். முள் எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஓடியது. மெல்ல மெல்ல நின்றது. மிஸ்ஸி குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார்.

ஒன்பதே முக்கால்.

 கால் ராத்தல்தானே, எழுதிவிடுங்கள் என்றாள் ராக்காயி. மிஸ்ஸி மறுத்துத் தலையை ஆட்டினார். கால் என்றாலும் குறைவு குறைவுதான். கார்டில் பத்து என்று எழுதியிருக்கிறது. தான் இல்லாததை எழுதுகிறவள் இல்லை. வண்டிக்காரர் கதவைத் திறந்து வைத்தார். வீரம்மா அந்தத் திறந்த கதவைப் பார்த்தாள். காம்பார் பஸ், ஈப்போ பஸ், கண்ணாடி, மணி எல்லாம் கண்முன் வந்தன. கூடவே தன் ரவிக்கை நனைந்திருப்பதும் தெரிந்தது. ஒன்பது மணிப் பால் இன்னும் கொடுக்கவில்லை. மிஸ்ஸி வரும் பதற்றத்தில் மறந்துபோயிருந்தாள்.

அவள் வாழ்நாளில் சர்க்கார் ஆள் ஒருவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது பேசினாள்.

“மிஸ்ஸி, அது காலையிலேருந்து பால் குடிக்கல. குடிச்சிட்டு நிறுங்க.”

மிஸ்ஸி அவளை நிமிர்ந்து பார்த்தார்.  குடித்த பால் பிள்ளையின் எடைதானா என்று அவர் தனக்குள் கேட்டுக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

“குடு” என்றார். “வயித்துக்குள்ளை போனது பிள்ளையிலை சேர்ந்ததுதான்.”

ராக்காயி பிள்ளையைக் கொண்டுவந்து வீரம்மாவின் மடியில் வைத்தாள். வீரம்மா பெஞ்சில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.  பிள்ளை விழுங்குகிற சத்தம் வேலிவரைக்கும் கேட்டது. வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் மாற்றினாள். நடுவில் காளியம்மா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள்: பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டால்? ராக்காயி அவளை முறைத்தாள். அந்த நிமிஷத்திலிருந்து இருபது பேரும் பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரியம்மா குழாயைக்கூட மூடிவிட்டு வந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கூடாதென்று.

பிள்ளை தானாகவே வாயை விட்டான். கண் செருகிக் கிடந்தான். ராக்காயி அவனை இரண்டு கையாலும், ததும்பும் வாளியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய்த் தூளியில் வைத்தாள். இந்தத் தடவை அவன் உதைக்கவில்லை. முள் ஒரே ஒரு முறை ஆடி நின்றது. மிஸ்ஸி குனிந்தார்.

“பத்து” என்றார். பிறகு, தன்னையே சரிபார்ப்பவர் போல இன்னொரு முறை குனிந்து, “சரியாப் பத்து” என்றார்.

அவர் எடையை எழுதி முடித்ததுதான் தாமதம், பையன் அதற்கு மேல் பொறுக்கவில்லை. தூளிக்குள்ளிருந்து ஒரு வளைவாகப் பீச்சியது மிஸ்ஸி காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் விழுந்தது. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். மிஸ்ஸியும் சிரித்தார். எழுதியாகிவிட்டது, இனி என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்றார்.

மீட்க வேண்டும். மீட்கத் தவிடு வேண்டும். வீட்டுக்கு ஓட வீரம்மா திரும்பியபோது, சின்னையா சைக்கிள் கூடையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு பால் டின்னை எடுத்து நீட்டினான். காலை ஆறு மணிக்கே கடையில் வாங்கியதாம். கேலி பேசிய ஆளாச்சே என்று ராக்காயி ஆரம்பித்தாள். அவன், அக்கா, தலை தட்டியிருக்கா பாருங்க, அப்புறம் குறைஞ்சதுன்னு சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னான்.

ராக்காயி டின்னை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையைக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நாலு மாதப் பழக்கம். அவன் தலையை ஒரு முறை முகர்ந்துவிட்டு, வீரம்மாவின் கையில் வைத்தாள்.

மிஸ்ஸி ராக்காயி பேரில் இருந்த கார்டைக் கிழிக்கப் போனார். ராக்காயி தடுத்தாள். அஞ்சு பெற்றேன், ஒன்றுக்கும் யாரும் இப்படிக் கார்டு எழுதித் தரவில்லை, இது என்னிடமே இருக்கட்டும் என்று கேட்டாள். மிஸ்ஸி குறுக்கே ஒரு கோடு போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். பிறகு பழைய கார்டை எடுத்து, சிவப்பு வரிக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இப்ப சொல்லு. ஆற்றை பிள்ளை?”

“என் பிள்ளை” என்றாள் வீரம்மா. கேட்டவருக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. வேலியோரம் நின்றவர்களைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள். பேர் என்ன என்றதற்கு, சின்னையாவைப் பார்த்தாள். அவன் தன் தகப்பன் பேரைச் சொன்னான். ராமையா என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆயாக்கொட்டகையிலிருந்து லயத்துக்குக் குறுக்குவழி இருந்தது. வீரம்மா அதில் போகவில்லை. ஆபீசைச் சுற்றி, பால் நிறுக்கும் இடத்தைத் தாண்டி, கோயில் வழியாக, வீடு வீடாகப் போகிற பெரிய பாதையில் நடந்தாள். முத்தம்மா முன்னால் ஓடி ஒவ்வொரு கதவையும் தட்டி, எங்கள் தம்பி வருகிறான் என்று சொன்னாள். யார் வந்து எட்டிப் பார்த்தாலும் வீரம்மா நின்றாள். துணியை விலக்கித் தூங்குகிற முகத்தைக் காட்டினாள். யாரும் கேட்குமுன்னே எடையைச் சொன்னாள்.